முறைக்காரியின் நஷ்டம்

ஹப்ஸு மரியாதையாகப் பேசத் தொடங்கியபோதுதான் பிபாத்தாவுக்குப் பயம் வந்தது.

குரல் செய்தியாக வந்தது அது. பிபாத்தா கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். மறுபடி போட்டுக் கேட்டாள்.

"பிபாத்தா அம்மாவுக்கு சலாம். வீட்டுல எல்லாரும் சுகமா இருப்பீங்கன்னு நம்புறேன். நனைஞ்ச மூட்டைங்களைப் பத்தி எங்க சங்கம் சொன்னதை நீங்க கேட்டிருப்பீங்க. அல்லா உங்களுக்கு நல்லது செய்யட்டும்."

"யாரு இது?" என்றாள் பிபாத்தா.

"ஹப்ஸுதான்" என்றார் அவள் கணவர் சாபி.

"ஹப்ஸு இல்ல. ஏதோ ஆபீசர் பொண்டாட்டி."

ஹப்ஸு ஆற்றின் வடகரையில், நைஜரின் காயாவில் இருந்தாள். பிபாத்தா தென்கரையில், பெனினின் மலான்வில்லில். ஹப்ஸு வெங்காயம் அனுப்புவாள். பிபாத்தா வாங்கி விற்பாள். ஹப்ஸு மௌரி இனம். பிபாத்தா ஜெர்மா இனம். மௌரிக்கும் ஜெர்மாவுக்கும் முறை உண்டு, மாமன் பிள்ளைக்கும் அத்தை பிள்ளைக்கும் போல. முறைக்காரர்கள் ஒருவரை ஒருவர் அடிமை என்றும் பயறு தின்னி என்றும் அழைப்பார்கள். தட்டிலிருந்து இறைச்சியைப் பிடுங்கித் தின்பார்கள். சாவு வீட்டுக்கு வந்து பிணத்தைக் கேலி செய்வார்கள். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. திட்டு நின்றுபோனால் முறை அறுந்தது என்று பொருள்.

ஹப்ஸுவின் செய்திகள் எப்போதும் திட்டில்தான் தொடங்கும். பிபாத்தாவின் தகப்பனார் இறந்த அன்று பாலத்தைத் தாண்டி வந்து, "கிழவன் என்கிட்ட சொல்லாம எப்படிச் சாகலாம், என் அடிமை அவன்" என்று வாசலில் நின்று சண்டை போட்டாள். அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அதன் பிறகுதான் பிபாத்தா அன்று கொஞ்சம் கம்பங்கூழ் குடித்தாள்.

பிறகு நைஜரில் ராணுவம் ஆட்சிக்கு வந்தது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு தண்டித்தது. தெற்கு, பாலத்தை மூடியது. பிறகு தெற்கு திறந்தது, வடக்கு திறக்கவில்லை. அதன்பின் நைஜர் கூட்டமைப்பை விட்டே வெளியேறியது. பாலத்தின் வடமுனையில் இரும்புப் பெட்டகங்களைக் குறுக்கே வைத்தார்கள். சாபியின் லாரி வேப்பமரத்தடியில் நின்றது. கோழிகள் அதில் முட்டையிட்டன.

வெங்காயம் தோணியில் வந்தது.

தகராறு அங்கேதான் தொடங்கியது. பாலத்தின் நடுவில் ஒரு விளக்குக் கம்பம் உண்டு. அதுவரை சரக்கு அனுப்புகிறவருடையது. அதைத் தாண்டினால் வாங்குகிறவருடையது. யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். தோணிக்கு மாறியபோது இரண்டு பெண்களும், "அதே மாதிரிதான், நடுவுவரைக்கும் உன்னோடது" என்று பேசிக்கொண்டார்கள். ஆற்றில் கம்பம் இல்லை. கோடையில் தண்ணீர் குறைந்து மணல்திட்டுகள் எழும். ஆறு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று பிரிந்து ஓடும். நடு எது என்று யாரும் பார்த்ததில்லை.

தோணி ஒரு மணல்திட்டில் மோதிக் கவிழ்ந்தது. ஆள் யாருக்கும் ஒன்றுமில்லை. மூட்டைகள் எல்லாம் நனைந்தன. நனைந்த வெங்காயம் நிற்காது.

நடுவைத் தாண்டிவிட்டது என்றாள் ஹப்ஸு. தாண்டவில்லை என்றாள் பிபாத்தா. தோணிக்காரன் ஹாமாவைக் கேட்டார்கள்.

"நான் மணலைத்தான் பாத்தேன், அக்கா. அதையும் மோதினதுக்கு அப்புறம்தான் பாத்தேன்" என்றான் ஹாமா.

முன்பெல்லாம் இப்படி ஏதாவது என்றால் பாலத்தடியில் இரு ஊர் வியாபாரிகளும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசுவார்கள். கூட்டமைப்பு கொடுத்த ஒரு பெயர்ப்பலகையும் அங்கே இருந்தது. இப்போது பலகையும் இல்லை, பாயும் இல்லை. காயா வியாபாரிகள் சங்கம் தனியாகக் கூடியது. நஷ்டம் மலான்வில்காரிக்கு என்றது. மலான்வில் சங்கமும் தனியாகக் கூடியது. நஷ்டம் காயாக்காரிக்கு என்றது. இரண்டு சங்கங்களும் பெண்களிடமிருந்து குரல் செய்திகளைக் கேட்டு வாங்கி, சாட்சியாக வைத்துக்கொண்டன.

"நம்ம திட்டை எல்லாம் அவனுங்க உக்காந்து கேக்குறானுங்க" என்றாள் பிபாத்தா. அவளும் திட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள். அந்தப் பக்கமும் குறைந்தது. கடைசியில் இந்த சலாம் வந்தது.

ஹாமா கரை சேர்த்த நனைந்த வெங்காயம் பிபாத்தாவின் முற்றத்தில் கிடந்தது. அது தன்னுடையது அல்ல என்று சங்கத்தில் சத்தியம் செய்தவள், வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து அதை அரியத் தொடங்கினாள். அரிந்ததைக் கூரையிலும் பாய்களிலும் லாரியின் மேலும் காயப்போட்டாள். தெருவில் போகிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

"அது அவங்களோடதுன்னு சொன்னியே" என்றார் சாபி.

"அவளோடதுதான். அதுக்காக அழுகவா விடுறது?"

அன்று மாலை ஹாமா வந்தான். வாசலிலேயே நின்றான்.

"அக்கா, வெள்ளிக்கிழமை குமாசியிலேர்ந்து லாரி வருதாம். புர்க்கினா வழியா, ஆத்தைத் தாண்டாமலே. ஹப்ஸு அக்கா இந்த அறுவடை முழுக்க அந்த ஆளுக்கே குடுக்கப் போறதா பேச்சு."

பிபாத்தா கத்தியை நிறுத்தவில்லை. "யாரு சொன்னா?"

"அவங்களேதான். இனிமே ஆத்துப் பக்கம் வேலை இல்லன்னாங்க. என்கிட்டயும் ரொம்ப மரியாதையா பேசினாங்க. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

அவன் போன பிறகு பிபாத்தா அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"விடு. நம்ம நாட்டுலயே தெற்கே கண்டி பக்கம் வெங்காயம் விக்கிறவங்க இருக்காங்க. வேற ஆளு பாத்துக்கலாம்" என்றார் சாபி.

"வெங்காயத்துக்கு வேற ஆளு கிடைக்கும். என்னைத் திட்டுறதுக்கு வேற ஆளுக்கு எங்க போவேன்?"

சாபி பரிபா இனத்தவர். தெற்கே பாராக்கு ஊர்ப் பக்கம். இந்த ஊருக்கு மாப்பிள்ளையாக வந்து தலை நரைத்துவிட்டது. இருந்தும் அவர் வளர்ந்த வீட்டில் திட்டு என்றால் திட்டுதான்.

"போன் போட்டுப் பேசேன்" என்றார்.

"சங்கத்துக்காரன் கேப்பான். அவ பக்கத்துல எவனாவது நிப்பான். நேர்லதான் சொல்லணும்."

"அப்ப நீயே போயிட்டு வா."

"பாலம் திறக்கட்டும், போறேன். திருடி மாதிரி தோணியில ஒளிஞ்சு போக மாட்டேன்னு சொல்லியிருக்கேன்ல. நீங்க போங்க."

அவள் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நான் சொல்றதை அப்படியே சொல்லணும். ஒரு வார்த்தை விடக் கூடாது. 'அடியே பயறு தின்னி, எஜமானிக்கு அனுப்புற சரக்கை மண்ணுல முட்டவிட்ட அடிமையை எங்க ஊர்ல கட்டிவச்சு உதைப்போம். உங்கப்பன் ஆத்துல மீன் பிடிக்கத் தெரியாம தவளை பிடிச்சான், நீ வெங்காயத்துக்கு நீச்சல் கத்துக்குடுக்குறியா. வெள்ளிக்கிழமை அந்த லாரியில ஒரு மூட்டை ஏறினாலும் உன் காதைப் பிடிச்சு இந்தக் கரைக்கு இழுத்துட்டு வருவேன்.' அவ்வளவுதான். எங்க, சொல்லுங்க?"

சாபி சொன்னார். தவளையை மட்டும் மறந்தார். அவள் சொல்லிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை அவர் தோணியில் ஏறினார். ஹாமா மோட்டாரைக் கிளப்பினான். சாபி தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வார்த்தைகளை வாய்க்குள் உருட்டினார். பயறு தின்னி. அடிமை. தவளை. காது. ஒவ்வொன்றும் கல் போலிருந்தது. ஏற்கெனவே இரண்டு ஊர்ச் சங்கங்கள், இரண்டு நாடுகள். இதில் ஒரு பெண்மணியின் காதைப் பிடித்து இழுப்பேன் என்று போய் நிற்பது எப்படி? விளையாட்டெல்லாம் நல்ல காலத்துக்குத்தான் என்று அவருக்குத் தோன்றியது. கரை ஏறும்போது அவர் முடிவு செய்துவிட்டார்.

ஹப்ஸு தன் களத்தில் உட்கார்ந்து கோணி ஊசியால் மூட்டை வாய்களைத் தைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் ஊசி நின்றது.

"வாங்க அண்ணே. அவ அனுப்பினாளா?"

"ஆமாங்க."

"சொல்லுங்க. என்ன சொன்னா?" அவள் முகம் மெல்லத் திறந்தது. சிரிக்கத் தயாராகும் முகம்.

சாபி தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "உங்களுக்கு சலாம் சொல்லச் சொன்னா. நடந்ததுக்கு மனசு வருத்தப்பட வேணாம்னு சொன்னா. உங்களுக்கு எது சௌகரியமோ அதையே செய்யலாம்னா."

ஹப்ஸு காத்திருந்தாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"வேற ஒண்ணும் சொல்லலையா? எங்கப்பனைப் பத்தி?"

"சே சே. எல்லாம் மரியாதையாதான்."

"என் மூஞ்சியைப் பத்திகூட?"

"இல்லவே இல்லீங்க."

ஹப்ஸு ஊசியை மூட்டையில் குத்தி வைத்தாள். உள்ளே பார்த்து நாற்காலி கொண்டுவரச் சொன்னாள். மகள் கொண்டுவந்த நாற்காலியை ஹப்ஸுவே முந்தியால் துடைத்துப் போட்டாள். இத்தனை வருடமாக இந்தக் களத்தில் சாபி வெங்காய மூட்டை மேல்தான் உட்கார்ந்திருக்கிறார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தான் வந்த காரியம் நன்றாகவே நடக்கிறது என்று நினைத்தார்.

"அவங்க சுகமா இருக்கட்டும்னு சொல்லுங்க. என்னால இதுவரைக்கும் ஏதாவது குறை இருந்தா மன்னிச்சுக்கணும்னும் சொல்லுங்க" என்றாள் ஹப்ஸு.

அவர் அதை மகிழ்ச்சியோடு சுமந்துகொண்டு வந்தார். அரிந்த வெங்காயத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்த பிபாத்தாவிடம் சொன்னார்.

"திட்டவே இல்லையா?"

"திட்டா? எனக்கு நாற்காலி போட்டாங்க."

"நாற்காலியா?"

"துடைச்சுப் போட்டாங்க."

பிபாத்தாவின் கை நின்றது. அவர் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தாள்.

"நீங்க என்ன சொன்னீங்க? வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்க."

சொன்னார்.

"பயறு தின்னி?"

"அதை விட்டுட்டேன்."

"அடிமை?"

"அதையும்தான்."

"தவளை?"

"பிபாத்தா, இருக்குற பிரச்சினையில தவளை வேறயா?"

"காதாவது சொன்னீங்களா?"

அவர் வெங்காயக் குவியலைப் பார்த்தார்.

"மனுஷா, நீங்க எங்க ரெண்டு பேருக்கும் தலாக் சொல்லிட்டு வந்திருக்கீங்க" என்றாள் பிபாத்தா. "என் பேர்ல."

அவள் கத்தவில்லை. அதுதான் சாபியை அதிகம் கலக்கியது. அவர் எழுந்து அவள் கத்தியை எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து அரியத் தொடங்கினார். தடித்தடியாக அரிந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவள், "இன்னும் மெல்லிசா" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை பிபாத்தா ஆற்றங்கரையில் நின்றாள். நல்ல துணியாக உடுத்தியிருந்தாள். ஹாமா தோணியிலிருந்து பார்த்தான்.

"திருடி மாதிரி தோணியில வர மாட்டேன்னீங்களே, அக்கா."

"வாயை மூடிட்டு ஓட்டு. மணல்திட்டைப் பாத்து ஓட்டு."

அவள் இரு கைகளாலும் பக்கப்பலகையைப் பிடித்துக்கொண்டாள். வழி முழுக்கக் கண்ணைத் திறக்கவில்லை. அதனால் நடு எது என்று அன்றும் அவள் பார்க்கவில்லை.

வடகரையில் ஒரு சிப்பாய் அவள் அடையாள அட்டையை வாங்கினான். இளைஞன். பெனின் அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"என்ன வேலையா வந்தீங்க?"

"என் அடிமை ஒருத்தி தப்பிச்சு ஓடப் பாக்குறா. பிடிக்க வந்தேன்."

"எந்த இனம்?"

"மௌரி."

சிப்பாய் நிமிர்ந்தான். "நானும் மௌரிதான். ஜெர்மாக்காரி தனியா எங்க கரையில வந்து இப்படிப் பேசுறீங்க. உங்களை ஆட்டுக்குப் பதிலா சந்தையில வித்துடுவேன்."

"வித்துக்கோ. யாரு வாங்குறாங்கன்னு பாப்போம். பல்லு எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லி வில்லு."

அவன் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு அட்டையை நீட்டினான்.

ஹப்ஸுவின் களத்தில் லாரி நின்றது. பாதி ஏற்றியாகிவிட்டது. குமாசி வியாபாரி ஓஃபோரி மூட்டைகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். காயா சங்கத்துச் செயலாளர் மைதாஜி குடையோடு ஓரத்தில் நின்றார். ஹப்ஸு மூட்டைகளுக்கு முதுகைக் காட்டி நின்றாள், தன் சரக்கு போவதைப் பார்க்கப் பிடிக்காதவள் போல.

பிபாத்தா யாருக்கும் சலாம் சொல்லவில்லை. நேராக நடந்து, கீழே அடுக்கியிருந்த மூட்டைகள் மேல் ஏறி உச்சியில் உட்கார்ந்தாள்.

"இந்த வெங்காயம் என்னோடது" என்றாள்.

கூலியாட்கள் நின்றார்கள். ஓஃபோரி சந்தையில் பேசும் ஹௌஸா மொழியில் கேட்டார். "யாரு இவங்க?"

"இந்தக் களத்துக்காரிக்கு எஜமானி. அவ என் அடிமை. அடிமையோட சரக்கு எனக்குச் சொந்தம்."

ஓஃபோரி மைதாஜியைப் பார்த்தார். மைதாஜியும் மௌரிதான், அவர் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். ஆனால் ஹப்ஸுவின் களத்தில், அவளை முந்திக்கொண்டு அவள் முறைக்காரிக்குப் பதில் சொல்வது அழகல்ல. அவர் குடையைப் பார்த்தார். கூலியாட்களில் ஒருவன் முகத்தை மாற்றாமல், "ஆமாய்யா, ஊருக்கே தெரியும்" என்றான்.

ஹப்ஸு திரும்பினாள். முகத்தில் ஒன்றுமில்லை.

"கீழ இறங்குங்க, பிபாத்தா அம்மா. விழுந்துடுவீங்க."

களத்தில் சத்தம் அடங்கியது. பிபாத்தா மூட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என் புருஷன் நல்லவரு. பரிபாக்காரரு. நான் சொல்லி அனுப்பினதை ஆத்துல அலசிப் பிழிஞ்சு உன்கிட்ட குடுத்துட்டாரு. நான் சொன்னது என்னன்னா..."

அவள் சொன்னாள். பயறு, அடிமை, கட்டிவைத்து உதைப்பது, தவளை, நீச்சல், காது, எல்லாவற்றையும். அவர் கொண்டுவந்த சலாமுக்காக இன்னும் இரண்டைச் சேர்த்தாள். கூலியாட்கள் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார்கள்.

ஹப்ஸு அசையவில்லை.

"காதா?" என்றாள்.

"காதுதான்."

"இதை அவர்கிட்ட சொல்லி அனுப்பினியா?"

"மனப்பாடம் பண்ண வச்சு அனுப்பினேன்."

ஹப்ஸு முந்தியால் முகத்தைத் துடைத்தாள். துடைத்து முடிக்க நேரமானது. முந்தியை இறக்கியபோது கண் சிவந்திருந்தது, அது வெங்காயக் களம்தான்.

"என் காதைப் பிடிக்க உன் கை எட்டுமாடி, குள்ளி? மூட்டை மேல ஏறி உக்காந்தாதான் உனக்கு என் உயரமே வருது. இறங்குடி என் சரக்கை விட்டு. உங்க ஜெர்மா கூட்டமே அடுத்தவ மூட்டை மேல உக்காந்தே பெருத்த கூட்டம்."

பிபாத்தா மூச்சை விட்டாள்.

"அப்படி வா வழிக்கு" என்றாள்.

"என் வெங்காயத்தை யாரைக் கேட்டுடி அரிஞ்சே? ஹாமா சொன்னான். கூரையெல்லாம் காயுதாமே."

"பின்ன? ஆத்துத் தண்ணியில ஊறினதை வச்சு அழகு பாக்கவா?"

மைதாஜி இதுதான் நேரம் என்று முன்னால் வந்தார். "நல்லதாப் போச்சு. ரெண்டு பேரும் பேசிட்டீங்க. அப்ப நனைஞ்ச மூட்டை விஷயத்தையும் முடிச்சுடலாம். எங்க சங்கம் சொன்னபடி அது பிபாத்தாவோட நஷ்டம்..."

"ஆமா, என்னோடதுதான்" என்றாள் பிபாத்தா.

மைதாஜிக்கே ஆச்சரியம். "ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்காம? இவ என் அடிமை. அடிமைக்கு ஏது சரக்கு, ஏது நஷ்டம்? நனைஞ்சதும் என்னோடது, காஞ்சதும் என்னோடது."

"யாருடி அடிமை?" ஹப்ஸு முந்தியை இடுப்பில் செருகினாள். "எஜமானி நான். வெங்காயம் என்னோடது, ஆறு என்னோடது, நீயும் என்னோடது. அந்த நஷ்டம் என் நஷ்டம். அதைத் தொட உனக்கு என்ன தைரியம்?"

"ஹப்ஸு, நம்ம சங்கம் உனக்குச் சாதகமாதானே சொல்லியிருக்கு" என்றார் மைதாஜி.

"சங்கத்தை யாரு கேட்டா? இவளுக்கு நஷ்டத்தைக் குடுத்துட்டு நாளைக்கு நான் ஊர்ல தலை காட்ட முடியுமா? எஜமானியால ஒரு தோணி வெங்காய நஷ்டத்தைத் தாங்க முடியலையான்னு கேப்பாங்க."

"நான் தாங்குறேன்."

"நீ கூலியைத் தாங்கு. நஷ்டம் பெரியவங்களுக்கு."

ஓஃபோரி ஒரு கூலியாளிடம் என்ன சண்டை என்று கேட்டார். நஷ்டம் யாருடையது என்று சண்டை என்றான் அவன். அது தெரிகிறது, யார் யாரிடம் தள்ளுகிறார்கள் என்று கேட்டார். யாரும் தள்ளவில்லை, இருவரும் இழுக்கிறார்கள் என்றான் அவன். ஓஃபோரி லாரியின் நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"கூட்டமைப்பை விட்டுப் போனதும் கணக்கே மாறிடுச்சா இங்க?" என்று தன் ஓட்டுநரிடம் கேட்டார்.

அவரை ஹப்ஸு ஏமாற்றவில்லை. லாரியில் ஏறியது ஏறியதுதான், கொண்டுபோகட்டும் என்றாள். கீழே இருப்பது ஆற்றுக்கு, பிபாத்தாவோடு. அறுவடை முழுவதும் தருவதாகச் சொன்ன பேச்சை முகத்துக்கு நேராகத் திரும்ப வாங்கினாள். ஓஃபோரி முனகினார். பிறகு பிபாத்தா பயறு வடை வாங்கி வரச் சொல்லி அவருக்குக் கொடுத்தாள். ஹப்ஸு அவர் கையிலிருந்த இலையிலிருந்து ஒன்றை எடுத்துத் தின்றாள். குமாசிக்காரர்களுக்கு இந்தக் கரையில் எந்த முறையும் இல்லை. இருந்தும் அவர் இலையை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

வெயில் சாய்ந்தபோது ஹாமாவின் தோணி தென்கரைக்கு வந்தது. நிறைய மூட்டைகள். மேலே பிபாத்தா, கண்ணை இறுக மூடிக்கொண்டு. சாபி முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றார். மதியத்திலிருந்து அங்கேதான் நின்றிருந்தார் என்பதைத் தண்ணீரில் ஊறி வெளுத்த அவர் கால் சொன்னது.

"என்ன ஆச்சு?"

"எறக்குங்க முதல்ல. மெல்ல."

அவர் கை கொடுத்து இறக்கினார். அவள் கரையில் நின்று மண்ணை ஒருமுறை மிதித்துப் பார்த்தாள்.

"நஷ்டம் யாரோடதுன்னு முடிவாச்சா?"

"எங்க முடிஞ்சுது. பயறு தின்னி, பிடிச்ச பிடியை விட மாட்டேங்குறா. தன்னோடதுன்னு ஒரே சாதிப்பு. அடுத்த வாரம் திரும்பவும் போகணும்."

"உனக்குத் தண்ணின்னா பயம். வேணும்னா நான் போய்ப் பேசிட்டு வரேன்" என்றார் சாபி.

பிபாத்தா அவரைப் பார்த்தாள். அவர் சட்டைத் தோளில் ஒட்டியிருந்த வெங்காயச் சருகை எடுத்துப் போட்டாள்.

"நீங்க வேணாம்" என்றாள். "மூட்டையை எடுங்க."